கேள்வி – பதில்: விண்கலங்களில் நிகழும் துயரங்கள்

‘ஸ்டார் ட்ரெக்’ தொடர்களின் துயரமான எபிசோடுகளைப் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது. கதைகளின் முடிவைச் சொல்லாமல் இவற்றைப் பற்றிப் பேச இயலாது என்பதால், இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்று எண்ணியிருப்பவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: ‘ஸ்டார் ட்ரெக்’ பார்த்து அழுதுவிட்டதாக என் மகன் சொல்கிறான். எனக்கோ அந்தத் தொடர் என்றால் கூரான காதுகள் கொண்ட ஒருவரும் ஒளிக்கதிர்த் துப்பாக்கிகளும்தான் நினைவுக்கு வருகின்றன. விண்கலக் கதையில் அழுவதற்கு என்ன இருக்கிறது? உங்களை மிகவும் உலுக்கிய எபிசோடு எது?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: தங்கள் மகன் பார்த்தது எது என்று தாங்கள் குறிப்பிடவில்லை. என்னை மிகவும் உலுக்கியது எது என்று கேட்டால், ‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் ஐந்தாம் சீசனில், 1992 ஜூன் 1 அன்று ஒளிபரப்பான ‘தி இன்னர் லைட்’ என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

எண்டர்பிரைஸ் விண்கலம் தன் வழியில், யார் அனுப்பியது என்று தெரியாத சிறிய ஆய்வுக்கலம் ஒன்றை எதிர்கொள்கிறது. அதிலிருந்து பாயும் கதிர் தாக்கி, கேப்டன் பிக்கார்டு மயங்கி விழுகிறார். கண் விழிக்கும்போது அவர் கட்டான் என்ற கோளில், ரெஸிக் என்ற சிற்றூரில், ஓர் எளிய வீட்டில் இருக்கிறார். எலீன் என்ற பெண் அருகில் இருந்து, காய்ச்சல் தணிந்துவிட்டது என்று ஆறுதலாகச் சொல்கிறாள். அவளைப் பொறுத்தவரை அவர் பெயர் கேமின், இரும்பு நெய்யும் தொழில் செய்பவர், அவளுடைய கணவர். தாம் ஒரு விண்கலத்தின் தலைவர் என்று அவர் சொல்வதெல்லாம் காய்ச்சலில் கண்ட கனவு என்றே ஊரார் எண்ணுகிறார்கள்.

அவர் எளிதில் இணங்குவதில்லை. ஐந்து ஆண்டுகள் கழிந்த பிறகும் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு வானத்தில் தமக்குத் தெரிந்த விண்மீன்களைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஊரில் மழை இல்லை. ஊர்ப் பொதுவிடத்தில் ஒரு மரக்கன்றை வைத்து, தங்களுக்கே தண்ணீர் போதாத நிலையிலும் அதற்கு ஊற்றி வருகிறார்கள். அந்த ஊரின்மீது கொண்ட அக்கறையால், காற்றிலிருந்து நீரைப் பிரித்தெடுக்கும் கருவிகளைக் கட்டலாம் என்று அதிகாரியிடம் வாதாடத் தொடங்கும் இடத்தில்தான், அவர் இனித் திரும்பிப் போகப் போவதில்லை என்பதை அவருக்கு முன்னால் நாம் உணர்ந்துவிடுகிறோம். மகள் பிறக்கிறாள், மகன் பிறக்கிறான், மகனுக்கு, இறந்துபோன நண்பன் படாயின் பெயரையே வைக்கிறார்கள், அந்தப் பெயர்சூட்டு விழாவில் அவர் சிறிய உலோகக் குழல் ஒன்றை வாசிக்கிறார். பருவங்கள் செல்லச் செல்ல, வறட்சிக்குக் காரணம் தங்கள் சூரியனே என்பதும், கோளுக்கு மீட்சி இல்லை என்பதும் அவருக்கும் மகளுக்கும் தெரிந்துவிடுகின்றன.

அந்த எபிசோடில் எல்லோரும் குழலையே நினைவில் வைத்திருப்பார்கள். நான் காலணிகளைச் சொல்வேன். வீட்டில் காலணிகளைக் கண்ட இடத்தில் கழற்றிப் போடுவது கேமினின் வழக்கம். எலீன் அதற்காக அவரைக் கடிந்துகொள்வாள். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவள் இறக்கும் தறுவாயில் அவரைப் பார்த்துக் கடைசியாகச் சொல்வது, காலணிகளை மறக்காமல் எடுத்து வைக்க வேண்டும் என்பதுதான். அவர் சரி என்று வாக்குக் கொடுக்கிறார். காதலைப் பற்றி நீண்ட வசனம் பேச வாய்ப்புள்ள இடத்தில், நாள்தோறும் நடந்த அந்தச் சிறு சச்சரவை எழுத்தாளர் வைத்தார். முப்பது நாற்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்தவர்கள் இப்படித்தான் விடைபெறுவார்கள் என்று நம்பவைக்கும் காட்சி அது.

இறுதியில், முதியவரான கேமினை அவர் குடும்பத்தார் ஒரு ஏவுகலம் மேலெழுவதைக் காண வெளியே அழைத்து வருகிறார்கள். அதில் இருப்பது, முதல் காட்சியில் எண்டர்பிரைஸ் எதிர்கொண்ட அதே ஆய்வுக்கலம். அழியப்போகும் மக்கள் தம்மைப் பற்றி ஒருவருக்காவது தெரியட்டும் என்று அதை விண்வெளிக்கு அனுப்புகிறார்கள். அது கண்டடையப்போகும் ஆள் தாமே என்பது அவருக்கு அங்கே புரிகிறது; இறந்துபோன மனைவியும் நண்பனும் இளமையோடு வந்து எதிரில் நிற்கிறார்கள்; நாங்கள் அழிந்து ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன, நாங்கள் எப்படி வாழ்ந்தோம் என்பதை நீங்கள் நினைவில் வைத்திருந்தால் போதும் என்கிறார்கள். அடுத்த நொடியில் பிக்கார்டு விண்கலத்தின் தரையில் கண் விழிக்கிறார். மயங்கிக் கிடந்த நேரம் இருபத்தைந்து நிமிடங்கள்தான். ஆய்வுக்கலத்துக்குள் இருந்த ஒரு சிறிய பெட்டியை, அவருக்கு அடுத்த நிலை அதிகாரியான ரைக்கர் கொண்டுவந்து கொடுக்கிறார். அதற்குள் அந்தக் குழல் இருக்கிறது.

தாங்கள் கேட்ட கேள்விக்கு இங்குதான் பதில் இருக்கிறது. குடும்பக் கதைகளிலும் மனைவியை இழப்பவர்கள் உண்டு, மக்களைப் பிரிபவர்கள் உண்டு. ஆனால் இறந்தவளைத் தெரிந்த உறவினர்கள் இருப்பார்கள். அவள் புழங்கிய வீடு இருக்கும். சேர்ந்து அழ நான்கு பேர் வருவார்கள். பிக்கார்டின் மனைவியை அவரைத் தவிர உயிரோடிருக்கும் எவருக்கும் தெரியாது. ஒரு முழு வாழ்வை வாழ்ந்து முடித்த மனிதர், அதைப் பற்றி ஒன்றும் அறியாத சக பணியாளர்களுக்கு நடுவில் எழுந்து நிற்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்த கோளையும் நினைவுகளைச் செலுத்தும் கருவியையும் கற்பனை செய்யாமல் இந்தத் துயரத்தை எழுதவே முடியாது. எனவேதான், மிகச் சிறந்த எபிசோடுகள் எவை என்று பிரித்துப் பார்க்கும்போது, அறிவியல் கற்பனையை எடுத்துவிட்டால் அந்தத் துயரம் மிஞ்சுமா என்ற ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்க்கிறேன். மிஞ்சாது என்றால், அது அந்த வகைக் கதைக்கே உரிய துயரம்.

மார்கன் ஜென்டல் எழுதிய கதைக்கு அவரும் பீட்டர் ஆலன் ஃபீல்ட்ஸும் சேர்ந்து திரைக்கதை அமைத்தார்கள். 1993இல் அதற்கு, அறிவியல் புனைவுகளுக்கு வழங்கப்படும் ஹியூகோ விருது கிடைத்தது. வளர்ந்த மகனாக நடித்தவர், பிக்கார்டாக நடித்த பாட்ரிக் ஸ்டூவர்ட்டின் சொந்த மகன் டேனியல் என்பதை அறிந்துகொண்டு மீண்டும் பார்த்தால், அந்தத் தந்தையின் பார்வை வேறாகத் தெரியும். படப்பிடிப்பில் பயன்பட்ட அந்தக் குழல், வாசிக்க இயலாத வெறும் மாதிரிதான். அப்படியிருந்தும் 2006இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 48,000 டாலருக்கு விலைபோனது.

கேள்வி: நாற்பது ஆண்டு வாழ்க்கையைப் பறிகொடுத்தவர் அடுத்த வாரமே எதுவும் நடக்காததுபோலக் கட்டளை பிறப்பிக்கிறாரே, இது பெரிய குறை அல்லவா?
— ஒரு வாசகி, கோவை

பதில்: குறைதான். ஆனால் அதற்குக் காரணம் உண்டு. ‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ அமெரிக்காவெங்கும் இருந்த உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்களுக்குத் தனித்தனியே விற்கப்பட்ட தொடர். மறுஒளிபரப்பில் எந்த எபிசோடை எப்போது பார்த்தாலும் புரிய வேண்டும் என்பதால், ஒவ்வொரு வாரக் கதையும் அந்த வாரமே முடிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. தொடரின் எழுத்தாளர்களில் ஒருவரான ரொனால்டு மூர், அந்த அனுபவம் பிக்கார்டின் வாழ்விலேயே மிக ஆழமானதாக இருந்திருக்கும், அவரை மீளமுடியாதபடி மாற்றியிருக்கும் என்றும், நல்ல ஒரு மணி நேரக் கதையை எழுத முனைந்த தங்களுக்கு அது அப்போது உறைக்கவில்லை என்றும் பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இருந்தாலும், அடியோடு மறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. 1993 ஏப்ரலில் வந்த ‘லெஸன்ஸ்’ எபிசோடில், நெல்லா டேரன் என்ற அதிகாரியும் பிக்கார்டும் இசையால் நெருங்குகிறார்கள். அவர் அந்தக் குழலை எடுத்து அவளுடன் சேர்ந்து வாசிக்கிறார்; அது தம் கைக்கு எப்படி வந்தது என்று அவளிடம் மட்டும் சொல்கிறார். ஏறத்தாழ ஓர் ஆண்டுக்காலம் அந்த மனிதர் அதைத் தம் அறைக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார் என்பது அப்போது தெரிகிறது. ‘லெஸன்ஸ்’ சிறந்த எபிசோடு என்று யாரும் பட்டியலிட்டு நான் பார்த்ததில்லை. ‘தி இன்னர் லைட்’ பார்த்தவர்கள் அதைத் தவறவிடக் கூடாது என்பது என் கருத்து.

இந்த வழக்கத்தை உடைத்த இன்னொன்று 1990 அக்டோபரில் வந்த ‘ஃபேமிலி’. போர்க் என்ற எதிரிகள் பிக்கார்டைப் பிடித்து, அவரது அறிவைக் கொண்டே அவரது மக்களைக் கொன்று குவித்த கதைக்கு மறுவாரம் வந்தது. அதில் விண்வெளிச் சண்டை இல்லை. அந்தத் தொடரில், எண்டர்பிரைஸின் கட்டளைத் தளத்தில் ஒரு காட்சிகூட வராத ஒரே எபிசோடு அது. பிரான்சில் உள்ள சொந்த ஊருக்குப் போகும் பிக்கார்டு, தம்மைப் பிடிக்காத அண்ணனோடு திராட்சைத் தோட்டத்துச் சேற்றில் புரண்டு சண்டையிட்டு, சிரித்து, சிரிப்பு நிற்பதற்குள் உடைந்து அழுகிறார். தம்மால் அவர்களைத் தடுக்க முடியவில்லையே என்று ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் அண்ணனிடம் அழுவதை அந்தக் காலத் தொலைக்காட்சியில் காண்பது அரிது.

கேள்வி: ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் வரும் ‘தி விசிட்டர்’தான் மிகச் சோகமானது என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். நான் பார்த்ததில்லை. கதையைச் சொல்ல முடியுமா?
— ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: சொல்கிறேன். 1995 அக்டோபர் 9 அன்று ஒளிபரப்பான எபிசோடு அது. எழுதியவர் மைக்கேல் டெய்லர், இயக்கியவர் டேவிட் லிவிங்ஸ்டன்.

மழை கொட்டும் இரவில், அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் தனியாக வாழும் முதிய எழுத்தாளரின் வீட்டுக் கதவை ஓர் இளம்பெண் தட்டுகிறாள். அவளும் எழுத விரும்புபவள். இரண்டு நூல்களோடு ஏன் எழுதுவதை நிறுத்தினீர்கள் என்று அவரைக் கேட்கிறாள். ஜேக் சிஸ்கோ என்ற அந்த முதியவர், வேறு எந்த நாளில் வந்திருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பேன் என்ற பாவனையோடு, தம் தந்தை எப்படி இறந்தார் என்று தொடங்குகிறார்.

அப்போது ஜேக்குக்கு வயது பதினெட்டு. ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் ஒரு விண்வெளி அதிசயத்தைக் காட்டத் தந்தை பெஞ்சமின் அவனை அழைத்துச் செல்கிறார். அவனுக்கோ எழுதிக்கொண்டிருக்கும் கதையை விட்டு வர மனமில்லை. விண்கலத்தின் எந்திர அறையில் நேர்ந்த விபத்தில், மகனின் கண்முன்னே தந்தை மறைந்துபோகிறார். இறந்துவிட்டார் என்று அஞ்சலிக் கூட்டமும் நடந்துவிடுகிறது. ஆனால் சில மாதங்கள் கழித்து ஓரிரவில், அவனுடைய அறையில், அதே சீருடையில், அதே வயதில், குழம்பிய முகத்துடன் தந்தை தோன்றுகிறார். சிறிது நேரத்தில் மறைந்துவிடுகிறார். அவர் சாகவில்லை, காலத்துக்கு வெளியே எங்கோ சிக்கியிருக்கிறார், பல ஆண்டுகளுக்கு ஒருமுறை சில நிமிடங்கள் மட்டும் மகன் இருக்கும் இடத்தில் வெளிப்படுகிறார்.

இந்த ஏற்பாட்டின் கொடுமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். தந்தைக்கு இடையில் காலமே கழிவதில்லை. ஒரு முறை கண்ணிமைத்தால் மகன் இளைஞன். இன்னொரு முறை இமைத்தால் திருமணமாகிப் புகழ்பெற்ற எழுத்தாளன். பேரப் பிள்ளைகள் உண்டா என்று ஆசையோடு கேட்கும் தந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவரை அங்கேயே விட்டுவிட்டோமே என்ற குற்ற உணர்வில் ஜேக் எழுத்தைத் துறந்து, அந்த விபத்தின் இயற்பியலைக் கற்கத் தொடங்குகிறார். மனைவி கொரீனா பிரிந்துபோகிறாள். பழைய நண்பர்களைத் திரட்டி ஒரு முயற்சி செய்கிறார், அது தோற்கிறது. அப்போது நரை விழுந்த மகனைப் பார்க்கும் தந்தை, தாம் மீள்வதைப் பற்றிக் கேட்கவில்லை. குடும்பம் எங்கே, எழுத்து எங்கே என்று பதறுகிறார். என்னை விட்டுவிடு, உனக்காக இல்லாவிட்டாலும் எனக்காகவாவது உன் வாழ்க்கையை வாழ் என்று மன்றாடுகிறார். பெற்றவர்களுக்காகத் தம் வாழ்வைத் தள்ளிவைத்த பிள்ளைகள் நம்மிடையே ஏராளம். அதை எதிரில் நின்று பார்க்க நேரும் பெற்றவரின் வேதனையை இவ்வளவு நேராகக் காட்டிய கதையை நான் வேறெங்கும் காணவில்லை.

முடிவைச் சொல்லக் கை தயங்குகிறது. தந்தையைப் பிணைத்திருப்பது தம் உயிரே என்று முதிய ஜேக் கண்டறிகிறார். தந்தை அருகில் தோன்றியிருக்கும் நேரத்தில் தாம் இறந்தால், அந்தப் பிணைப்பு அறுந்து அவர் விபத்து நடந்த கணத்துக்கே திரும்பிவிடுவார். அதற்கான மருந்தை, அந்தப் பெண் கதவைத் தட்டுவதற்கு முன்பே அவர் ஏற்றிக்கொண்டுவிட்டார். தந்தை வருகிறார். மேசைமேல் இருக்கும் புதிய கைப்பிரதியில், வீடு திரும்பிக்கொண்டிருக்கும் என் தந்தைக்கு என்ற பொருளில் சமர்ப்பணம் எழுதியிருக்கிறது. எனக்காக நீ இதைச் செய்திருக்க வேண்டாம் என்று தந்தை கதற, உங்களுக்காக மட்டுமில்லை, அன்றைய அந்தச் சிறுவனுக்காகவும்தான், அவனுக்கு நீங்கள் வேண்டும் என்கிறார் மகன். அடுத்த கணம் தந்தை எந்திர அறையில் இருக்கிறார், விபத்திலிருந்து விலகிக்கொள்கிறார், பதினெட்டு வயது மகனை இறுகக் கட்டிக்கொள்கிறார். என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது. அவன் தந்தைக்குத் தெரியும்.

மூத்த ஜேக்காக நடித்த டோனி டாட், தந்தையாக நடித்த ஏவரி புரூக்ஸைவிட ஆறு ஆண்டுகள் இளையவர். தம்மைவிட மூத்த நடிகரை அப்பா என்று அழைக்கும் முதியவராக, ஒப்பனைக்கு அடியிலும் ஒரு சிறுவனின் ஏக்கத்தை அவர் கண்ணில் வைத்திருந்தார். 2024 நவம்பரில் அவர் மறைந்தபோது, திகில் படங்களில் அவர் ஏற்ற பாத்திரங்களைத்தான் பலரும் முதலில் குறிப்பிட்டார்கள். எனக்கு அவர் என்றென்றும் ஜேக் சிஸ்கோதான்.

கேள்வி: எந்திரம் ஒன்று செத்துப்போவதற்காக ஒருவர் கண்ணீர் விட முடியுமா? ‘தி ஆஃப்ஸ்பிரிங்’ எபிசோடைப் புகழ்பவர்களைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது.
— ஒரு வாசகர், மதுரை

பதில்: முடியும். 1990 மார்ச்சில் வந்த அந்த எபிசோடு ரெனே எச்செவெர்ரியா ‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடருக்கு எழுதிய முதல் கதை. ரைக்கராக நடித்த ஜோனதன் ஃப்ரேக்ஸ் இயக்கிய முதல் எபிசோடும் அதுவே. உணர்ச்சிகளே இல்லாத ஆண்ட்ராய்டு, அதாவது மனித உருவ எந்திர அதிகாரியான டேட்டா, தன்னைப்போன்ற ஒரு பிள்ளையைத் தானே உருவாக்கி, லால் என்று பெயரிடுகிறான். நம் நாட்டு இந்தி மொழியிலிருந்து எடுத்த பெயர் அது. அவளுக்கு நடக்கவும் சுவைக்கவும் சிரிக்கவும் கற்றுக்கொடுக்கிறான். இதற்குள், அவளைத் தந்தையிடமிருந்து பிரித்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோக ஹாஃப்டெல் என்ற அட்மிரல் வந்து சேர்கிறார்.

பிரிக்கப்படப்போகிறோம் என்பதை அறிந்த லால், கப்பலின் மனநல ஆலோசகரிடம் ஓடிவந்து, தனக்கு அச்சம் ஏற்பட்டிருப்பதை உடலைத் தொட்டுக் காட்டிச் சொல்கிறாள். தந்தைக்கு வாய்க்காத உணர்ச்சி மகளுக்கு வாய்த்துவிட்டது. அதைத் தாங்காமல் அவள் மூளை செயலிழக்கத் தொடங்குகிறது.

பிறகு வருவது மிகத் துணிச்சலான முடிவு என்று நான் கருதுகிறேன். டேட்டா மகளைக் காப்பாற்றப் போராடுவதை நமக்குக் காட்டுவதே இல்லை. கதவு மூடியிருக்கிறது. வெளியே காத்திருப்பவர்களிடம் வந்து சொல்பவர், இவ்வளவு நேரமும் எதிரியாக நின்ற அதே அட்மிரல். டேட்டாவின் கைகள் கண்ணால் தொடர முடியாத வேகத்தில் இயங்கின, ஒன்றைச் சரிசெய்வதற்குள் இன்னொன்று பழுதாகியது, அவன் கைவிடவே இல்லை என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கிறது. மகளைப் பறிக்க வந்தவரின் வாயால் தந்தையின் பாசத்தைக் கேட்கிறோம்.

கடைசியில் லால், நான் உங்களை நேசிக்கிறேன் அப்பா என்கிறாள். அதை உன்னோடு சேர்ந்து உணர முடியவில்லையே என்கிறான் டேட்டா. நம் இருவருக்குமாக நான் உணர்ந்துகொள்கிறேன் என்று அவள் தேற்றுகிறாள். தங்களுடைய ஐயத்துக்கு அந்தக் காட்சியே விடை. டேட்டா அழமாட்டான், அவனால் இயலாது. அவளுடைய நினைவுகளைத் தன்னுள் சேர்த்துக்கொண்டு பணியிடத்தில் போய் அமர்ந்துவிடுகிறான். அவனுக்கு வராத கண்ணீர் நமக்கு வருகிறது.

கேள்வி: அறுபதுகளின் பழைய தொடரில் இதற்கு இணையாக ஏதேனும் உண்டா?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: உண்டு. 1967 ஏப்ரல் 6 அன்று வந்த ‘தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்’. ஹார்லன் எலிசன் எழுதியது. படப்பிடிப்புக்கு முன் தொடரின் குழுவினர் அதைப் பெரிதும் திருத்தி எழுதினார்கள். எலிசன் அதை ஒருபோதும் மன்னிக்கவில்லை. ஒளிபரப்பான வடிவத்துக்கு ஹியூகோ விருதும், அவருடைய மூலப் பிரதிக்கு அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் விருதும் கிடைத்தன.

தவறுதலாக மருந்து அளவுக்கு மீறி ஏறியதால் சித்தம் கலங்கிய டாக்டர் மெக்காய், காலத்தின் வாசல் ஒன்றின் வழியே கடந்த காலத்துக்குள் ஓடி வரலாற்றையே மாற்றிவிடுகிறார். அதைச் சரிசெய்ய கேப்டன் கிர்க்கும், கூரான காதுகள் கொண்ட அதிகாரி ஸ்பாக்கும் 1930இன் நியூயார்க்குக்குப் போகிறார்கள். பொருளாதார வீழ்ச்சிக் காலம் அது. அங்கே ஏழைகளுக்கு உணவளிக்கும் விடுதி ஒன்றை எடித் கீலர் நடத்திவருகிறாள். மனிதர்கள் ஒருநாள் விண்வெளிக்குப் போவார்கள், பசியையும் நோயையும் ஒழிப்பார்கள் என்று, சூப் கிண்ணங்களோடு அமர்ந்திருக்கும் வேலையற்றவர்களிடம் அவள் பேசுகிறாள். கிர்க் அவளைக் காதலிக்கிறார். ஆனால் அவள் சாலை விபத்தில் இறந்தால்தான் வரலாறு சரியான வழியில் போகும் என்று ஸ்பாக் கண்டறிகிறார். பிழைத்தால் அவளுடைய அமைதி இயக்கம் அமெரிக்கா போரில் இறங்குவதைத் தாமதப்படுத்தி, நாஜி ஜெர்மனி முதலில் அணுகுண்டைச் செய்துவிடும்.

அவள் படிக்கட்டில் தடுமாறும்போது கிர்க் யோசிக்காமல் தாங்கிப் பிடிக்கும் காட்சி ஒன்று உண்டு. அப்போதே அவள் இறந்திருக்கலாம் என்று ஸ்பாக் அவரிடம் தனியே சொல்கிறார். அந்தக் கையின் இயல்பான அசைவை நாம் பார்த்துவிட்டதால்தான், பின்னர் சாலையில் லாரி வரும்போது அவளைக் காப்பாற்றப் பாயும் மெக்காயை அதே கைகள் பிடித்து நிறுத்துவது நம்மை நிலைகுலையச் செய்கிறது. என்ன செய்தீர்கள் என்று தெரியுமா என்று மெக்காய் கேட்க, அவருக்குத் தெரியும் டாக்டர் என்று ஸ்பாக் மெதுவாகச் சொல்கிறார். எடித் கனவு கண்ட எதிர்காலத்திலிருந்து வந்தவர் கிர்க். அந்த எதிர்காலம் பிழைக்க வேண்டுமானால், அதைக் கனவு கண்டவள் பிழைக்கக் கூடாது. இந்த ஒரு முடிச்சை இதற்குப் பின் வந்த எந்தக் காலப்பயணக் கதையும் இத்தனை சுருக்கமாகப் போட்டதில்லை.

கேள்வி: ஸ்பாக் இறக்கும் காட்சியை ஏன் சேர்க்கவில்லை?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: அது 1982இல் வந்த திரைப்படம், இங்கே கேட்கப்பட்டவை தொலைக்காட்சி எபிசோடுகள். கண்ணாடிச் சுவருக்கு இருபுறமும் நண்பர்கள் கையை வைத்துக்கொள்ளும் அந்தக் காட்சியின் வலிமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 1984இல் அடுத்த படத்திலேயே அவரை உயிர்ப்பித்துவிட்டதால், மறுமுறை பார்க்கும்போது அந்த இழப்பு முழுமையாக என்னைத் தொடுவதில்லை.

கேள்வி: என் தாயாருக்கு மறதி நோய். அறிவாளியாக இருந்தவர், இப்போது காரணமில்லாமல் சினந்துகொள்கிறார், அழுகிறார். இந்தத் தொடரில் இதைப்பற்றி ஏதேனும் வந்திருக்கிறதா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: வந்திருக்கிறது, அம்மா. ‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் 1990 மே மாதம் வந்த ‘சாரெக்’. ஸ்பாக்கின் தந்தையான சாரெக், உணர்ச்சிகளை முற்றிலும் அடக்கியாளும் வல்கன் இனத்தவர். இருநூறு வயதைக் கடந்த தூதர். முதுமையில் வரும் ஒரு நோயால் அந்தக் கட்டுப்பாடு அவரிடமிருந்து நழுவிக்கொண்டிருக்கிறது. அவருடைய மனைவியும் உதவியாளர்களும் யாருக்கும் தெரியாமல் மறைத்து வருகிறார்கள். ஓர் இசை நிகழ்ச்சியில், சபை நடுவே, அசையாத அந்த முகத்தில் ஒரு துளிக் கண்ணீர் வழிகிறது. அவ்வளவுதான், அவரது இனத்தை அறிந்தவர்களுக்கு அது ஒரு மாளிகை இடிவதற்குச் சமம்.

கடைசிப் பேச்சுவார்த்தை ஒன்றை அவர் கண்ணியமாக முடிக்க வேண்டும் என்பதற்காக, அவருடைய உணர்ச்சிகள் அனைத்தையும் சில மணி நேரம் தம் மனத்தில் ஏற்றுக்கொள்கிறார் பிக்கார்டு. அதுவரை சாரெக் யாரிடமும் காட்டாதவை எல்லாம், மனைவியிடம் சொல்லாத அன்பு, மகனிடம் காட்டாத பரிவு, முதுமையின்மீது கொண்ட சினம் ஆகியவை, பிக்கார்டின் வாய்வழியே வெடித்து வருகின்றன. மருத்துவர் பெவர்லி அவரை அணைத்துக்கொண்டு உடனிருக்கிறார். சாரெக்குக்கு நோய் தீர்வதில்லை. ஒரு நாள் வேலையை அவர் தாமாக இருந்து முடித்துவிட்டுச் செல்கிறார். தங்கள் தாயாரின் சினத்துக்கு அடியில் அவர் வாழ்நாளெல்லாம் சொல்லாமல் வைத்திருந்தவை இருக்கலாம் என்று அந்தக் காட்சி தங்களுக்கும் தோன்றச் செய்யும். மனம் சற்றுத் தெளிவாக இருக்கும் நாளில், உடன் யாராவது இருக்கும்போது பாருங்கள்.

கேள்வி: எனக்குப் பத்து வயது மகள். இவற்றை அவளோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறேன். எந்த வரிசையில் பார்ப்பது?
— ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: ‘தி ஆஃப்ஸ்பிரிங்’ முதலில். பிள்ளையின் பார்வையிலிருந்தே புரிந்துகொள்ளக் கூடிய கதை. டேட்டாவையும் அவள் விரும்பத் தொடங்கிவிடுவாள். ‘தி இன்னர் லைட்’ எபிசோடுக்கு முன், பிக்கார்டு குடும்பமில்லாதவர், குழந்தைகளோடு பழகக் கூச்சப்படுபவர் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனவே அதே தொடரில் நான்கைந்து சாதாரண எபிசோடுகளையாவது காட்டிவிட்டு அதற்கு வாருங்கள். அது முடிந்த கையோடு ‘லெஸன்ஸ்’ பார்க்கலாம். பழைய தொடரின் கதைக்கு, இரண்டாம் உலகப் போரைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் சொல்லிவைத்தால் போதும். ‘சாரெக்’ அவளுக்குச் சலிப்பூட்டக் கூடும், வற்புறுத்த வேண்டாம். ‘தி விசிட்டர்’ எபிசோடை மட்டும் இன்னும் சில ஆண்டுகள் தள்ளிவையுங்கள். ஒருவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொள்வது அதில் அன்பின் செயலாகக் காட்டப்படுகிறது. அதைப் பற்றி உங்களோடு வாதிடக் கூடிய வயது அவளுக்கு வந்த பிறகு, முதலில் நீங்கள் தனியே ஒருமுறை பார்த்துவிட்டு, அவளோடு பாருங்கள்.